பங்காருவின் காவல்

"தின்னுடா! தின்னுட்டுப் பேசு!"

பங்காரு தன் தட்டுச் சோற்றையும் டில்லிபாபுவின் தட்டில் கவிழ்த்துவிட்டுக் கத்தினான். கிளைச்சிறைச் சுவரைத் தாண்டி, திருத்தணி மலைமேல் முருகன் கோயில் யானையே காதை மடக்கியிருக்கும்.

டில்லிபாபு பாதியைத் திருப்பித் தள்ளினான். "நீயும் தின்னு பாவா." மச்சான் முறை வைத்துத் தெலுங்கில்தான் கூப்பிடுவான்.

"எனக்கு எதுக்குடா சோறு?"

இருவரையும் ஒரே அறையில் போட்டவர் ஜெயிலர் பரணிதரன். "டில்லிபாபுக்கு மனசு சரியில்ல பங்காரு. உயிரை விட்டுடுவானோன்னு பயமா இருக்கு. பேச்சு குடுத்துகினே இரு. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்று தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார்.

பங்காரு அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டியவன். மச்சானை அடித்த வழக்கில் உள்ளே வந்ததிலிருந்து அவனைப் பார்க்க ஊரிலிருந்து ஒரு ஈ கூட வரவில்லை. டில்லிபாபு பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தவன். பங்காரு கழிப்பறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து கதவருகே நிற்பான்.

"இங்கயுமாடா? தூரப் போடா!"

"தனியா நிக்க பயமா கீது பாவா. பேசிகினே இரு."

அன்று கனகம்மாசத்திரத்திலிருந்து டில்லிபாபுவின் அக்கா நிர்மலா, இரண்டு ஆட்களோடு மனு போட்டுப் பார்க்க வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் ஏதோ சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

பங்காருவுக்கு ரத்தம் கொதித்தது. "தேடி வந்தவளைத் துரத்துறியா? எனக்கு ஒரு நாதி வந்து நிக்கல! சாகறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"கத்து பாவா. நீ கத்தினாதான் எனக்கு நிம்மதி."

அதற்குமேல் பங்காருவால் பொறுக்க முடியவில்லை. வார்டரைக் கூப்பிட்டு, நேரே ஜெயிலர் அறைக்குப் போனான்.

"அவனை என்னால பாத்துக்க முடியாது சார்! கூடப் பொறந்தவளையே விரட்டிட்டான். வேற ஆளைப் போடுங்க!"

பரணிதரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கூட வந்த ரெண்டு பேரும் ஜாமீன் கையெழுத்துப் போட வந்தவங்கய்யா. அவன் சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருப்பான்."

"அப்புறம் எதுக்கு சார் அந்த நாய் இங்கயே உக்காந்துகினு என் உசுரை வாங்குது?"

"உன்னைப் பாத்துக்கச் சொல்லித்தான் அவனை உன்கூடப் போட்டேன். நீ தேறாம வெளிய போகமாட்டானாம்."