ஆறு மாசத் தண்டனை

"கங்காணியைப் பிரம்பால அடிச்சவளுக்கு மூணு மாசந்தானா? நானா இருந்தா ஆறு மாசம் போடுவேன்!" மலாயாவின் கிள்ளான் கோர்ட்டிலிருந்து திரும்பிய, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேதாசலம் பொரிந்தார்.

"பச்சையம்மாவை முதல்ல அடிச்சது அவன்தானே, அதுக்கு என்ன தண்டனை?" என்றாள் மனைவி தையல்நாயகி.

"வேலை வாங்குறவன் ரெண்டு அடி போடத்தான் செய்வான். அதுக்காகத் திருப்பி அடிக்கலாமா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்போ அந்த ஆறு மாசத்தை எனக்குப் போடச் சொல்லுங்க. அவன் கைப்பிரம்பைப் பிடுங்கி விளாசினது நான்."

கிராணி எட்டிக் கதவைச் சாத்தினார். "பின்னே ஏன் அவன் பச்சையம்மா பேரைச் சொன்னான்?"

"கிராணி பொண்டாட்டி அடிச்சாள்னு சொன்னா, எதுக்குன்னு கோர்ட்டுல கேட்பாங்க. கூலிக்காரின்னா யாரு கேட்கப் போறா?"

தையல்நாயகி குடையை எடுத்தாள்.

"கிளம்புங்க. ஆறு மாசம்னு அங்கேயும் வந்து சொல்லுங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே!"