கொண்டை போட்ட மாப்பிள்ளை

“இந்த முடியோட பொண்ணு பாக்கப் போனா, காப்பியைக் குடுத்து அனுப்பிச்சுருவாங்க” என்று அம்மா வழியெல்லாம் சொன்னது பலித்துவிடும் போலிருந்தது.

அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பெண்ணின் அப்பா ஆறுச்சாமி, யுவனின் கொண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

“ஏனுங்க தம்பி, தெனமும் தலைக்குத் தண்ணி ஊத்துவீங்களா?”

“இல்லீங்க. வாரத்துக்கு ரெண்டு வாட்டி அரப்பு தேச்சுக் குளிப்பனுங்க. தெனமும் ஊத்துனா வறண்டுரும்.”

“வளக்கறதுன்னா கத்திரியே படக்கூடாதுங்களா?”

“நுனியை அப்பப்பக் கத்தரிக்கோணுமுங்க. இல்லாட்டி வெடிச்சுப் போயிரும்.”

இடுப்பைத் தாண்டிய சடையும் மல்லிகைச் சரமுமாகக் காப்பித் தட்டோடு வந்த தரணி, கொடுக்க மறந்து கேட்டுக்கொண்டு நின்றாள். யுவனுக்குப் பெண் பிடித்துவிட்டது. வாயைத் திறந்து கெடுத்துவிட்டோமோ?

ஆறுச்சாமி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“கண்ணு, மாப்ள நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்தச் சவுரியைக் கழட்டிப் போடு.”

சடை மொத்தமாகக் கையோடு வந்தது. காதோரம் ஒட்ட வெட்டிய கிராப்போடு தரணி நிமிர்ந்து சிரித்தாள்.

யுவன் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தான். அம்மா இருவர் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார்.

“விடுங்க சம்பந்தி. ஊட்டுல ஒருத்தருக்குச் சடை இருந்தாப் போதுமுங்க.”