கூட்டி வந்தவர் சொன்னபடி

"இந்த வழக்குல நாங்க வாதியுமில்ல, பிரதிவாதியுமில்ல, எங்களை எதுக்கும்மா..."

"கோர்ட்டே சம்மன் அனுப்பியிருக்கு, படிக்கத் தெரியாதா உமக்கு?"

பேருந்து மோதிக் கணவனின் கால் போன வழக்குக்காக, மருத்துவமனைப் பதிவறையில் இரண்டாம் வாரமாக நின்றாள் மரகதவல்லி. எழுத்தர் தணிகாசலம் விபத்துப் பதிவேட்டின் மேலிருந்து முழங்கையை எடுக்கவில்லை.

"நாளைக்கு விசாரணை. குடிச்சிட்டுத் தானா விழுந்தாருன்னு பஸ்காரங்க வக்கீல் சாதிக்கிறான். உங்க ஏட்டுல என்ன இருக்குன்னு ஜட்ஜு பாக்கணும்."

"நல்லாப் பாக்கட்டும்" என்று இளித்தபடி அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'போதையில் தானே விழுந்தார்' என்றிருந்தது. அழைத்து வந்தவர் என்ற இடத்தில் அதே பேருந்தின் நடத்துநர் பெயர்.

"கூட்டிட்டு வர்றவங்க சொல்றதைத்தாம்மா எழுதுவோம். அதான் வழக்கம்."

"இடிச்ச பஸ்காரன் வாயைப் பாத்து எழுதினீரே, பக்கத்துல மயங்கிக் கிடந்தாரே அவரு, அவர் வாயை ஒருதரம் மோந்தாவது பாத்தீராய்யா?"