பதினேழாவது பத்தி

வக்கீல் பதினேழாவது பத்தியை வாசிக்கத் தொடங்கியதும் கோர்ட்டில் முகங்கள் மாறின. பேருந்து ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டாள்.

பதினோரு வருடமாகத் தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் முகங்களைப் பார்த்தபடி வண்டி ஓட்டுகிறவள். யார் இறங்கப்போகிறார், யார் சண்டைக்குத் தயாராகிறார் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். தட்டச்சரின் விரல்கள் நின்றன. வாசலில் நின்ற கோர்ட் சேவகர் கூரையில் எதையோ தேடினார்.

போச்சு, என்று நினைத்தாள். இந்த வக்கீல் பெண் என்னவோ ஏடாகூடமாக வாசிக்கிறாள்.

அவளுடைய வக்கீலுக்குக் கறுப்பு அங்கி இன்னும் தோளில் நிற்கவில்லை. இதுதான் முதல் வழக்கு. வேறு ஆளைப் பார் என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். காலையில் எதிர்த்தரப்பு வக்கீல்கூட, வீட்டில் பெரியவங்க யாரும் வரலையாம்மா என்று அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுப் போனார்.

மகளின் அப்பா கேட்டது ஒன்றுதான். ஓட்டுநர் மறுமணம் செய்துகொண்டாள். ஆகவே பத்து வயது மகள் இனி தன்னிடம் வர வேண்டும்.

மகள் வெளியே பெஞ்சில் பெரியம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் எந்த முகத்தையும் கவனிக்கவில்லை. அவள் கையில் இருந்தது போன மாதம் வந்த மேல்நீதிமன்றத் தீர்ப்பு. மறுமணத்தைக் காரணம் காட்டி ஒரு மகனைத் தாயிடமிருந்து பிரித்த உத்தரவை அது ரத்து செய்திருந்தது. பதினேழாவது பத்தியில், அந்த உத்தரவை எழுதியவருக்கு நல்ல குட்டு. பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க நேரமில்லையா என்று கேட்டிருந்தார்கள். அவள் நிறுத்தி, நிதானமாக, ரசித்து வாசித்தாள்.

நீதிபதியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பத்திய இன்னொரு தடவ வாசிங்க. சத்தமா."

எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்து, அது தேவையில்லை அம்மா என்றார். நீதிபதி கையமர்த்தினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.



நீதிபதி எழுந்து வந்து, மகளைத் தாமே தம் அறைக்கு அழைத்துப்போனார். இருபது நிமிடம்.

வெளியே வந்த மகள் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் கேட்டாராம். புது அப்பா சொல்லும் ஜோக்குக்கு நிஜமாகவே சிரிப்பு வருமா என்றுகூடக் கேட்டாராம்.

நீதிபதி உத்தரவைச் சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடித்தார். மகள் தாயிடமே இருப்பாள். அப்பா வாரம் ஒரு நாள் அழைத்துப்போகலாம்.

மகளோடு உள்ளே வந்திருந்த அக்கா மூக்கை உறிஞ்சினாள். ஓட்டுநருக்கு அழுகை வரவில்லை. வலது கால் மட்டும் தரையில் பிரேக்கைத் தேடியது.

நீதிபதி அதோடு முடிக்கவில்லை. இந்தப் பிள்ளையிடம் கேட்டதை, மேல்நீதிமன்றத் தீர்ப்பில் வந்த அந்த மகனிடமும் கேட்டிருக்க வேண்டும் என்றார். கேட்காமல் விட்டது யார் என்று அடுத்த வரியில் சொன்னார்.

தட்டச்சர் அடிக்கவில்லை. தலையைத் தூக்கி அவரையே பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? நான்தானே கேக்காம விட்டேன். அப்படியே அடிங்க."