ஒப்பிட எடுத்த மண்

தோல் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜெபமணியின் தோட்டத்து மண்ணைச் சோதிக்க ஆய்வாளர் ரெஹானா வந்திருந்தாள். எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும் என்பதை இப்போதெல்லாம் இயந்திரமே தேர்ந்தெடுக்கிறது. அது மண்ணில் கலந்த நச்சின் சராசரியை ஒப்பிட்டது, உச்ச அளவுகளையும் ஒப்பிட்டது. சுத்தமானது என்று வேறோர் ஊரில் எடுத்த மண்ணுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்றது. வேறுபாடு இருந்தால்தான் ஆலை தன் செலவில் தோட்டத்து மண்ணை மாற்றித் தர வேண்டும்; இனி அது தேவையில்லை.

“அப்ப எங்க மண்ணு நல்லாயிடுச்சா, மேடம்?”

ரெஹானா தயங்கினாள். “இல்லக்கா. ஒப்பிட எடுத்த மண்ணும் இதே மாதிரி கெட்டுப்போச்சு. அதான் வித்தியாசம் தெரியல.”

“அது எந்த ஊரு மண்ணு?”

“கருங்காட்டு மலையில எடுத்தது.”

பேரப்பிள்ளைகளாவது நல்ல மண்ணில் வளரட்டும் என்று ஜெபமணி தன் மகளைக் கட்டிக்கொடுத்தது அந்த மலையில்தான். போனை எடுத்து மகளை அழைத்தாள்.

“பாப்பாவ மண்ணுல விளையாட விடாத, கண்ணு.”