யூட்டாவில் அன்று சனிக்கிழமை

"சட்டம் தெளிவாத்தான் இருக்கு சார்ஜண்ட். ஞாயித்துக்கிழமை டோங்காவுல யாரும் வேலை செய்யக் கூடாது. அவ மேல கேஸ் போடுங்க, அந்தச் சனியனைப் பறிமுதல் பண்ணுங்க" என்றார் போதகர் ஃபிலிமோனே.

சார்ஜண்ட் ஹெபேட்டி லாக்கப் பக்கம் கை காட்டினார். சனியன் ஏற்கெனவே கம்பிக்குப் பின்னால்தான் இருந்தது. ஆமை அளவில் ஒரு புல்வெட்டும் மெஷின். ஆள் தள்ள வேண்டாம், தானாகவே ஊர்ந்து போய் வெட்டும்.

முந்தின நாள் காலையில், ஊரே ஆலயத்தில் இருந்தபோது, அது லோசாலினே வீட்டு வேலிக்கு அடியில் புகுந்து ஆலயத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. நீண்ட ஜெபத்தின் நடுவில் ஜன்னலோரமாக விர்ரென்று புல் வெட்டியது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடை ஒன்றுதான் திறக்கும். அதற்கே பாதிப் பேர் போதகர் கண்ணில் படாமல்தான் போய் வருவார்கள்.

லோசாலினே ஊன்றுகோலோடு உள்ளே வந்தாள்.

"அண்ணே, நான் பாடகர் குழுவுல முதல் வரிசையில நின்னேன். நீங்க எனக்குப் பின்னால நின்னு ராகத்தைக் கொலை பண்ணிட்டிருந்தீங்க. நான் எப்ப புல்லு வெட்டினேன்?"

"நீ வெட்டலம்மா. உன் மெஷின் வெட்டுச்சு" என்றார் ஹெபேட்டி.

"அதுக்கு உத்தரவு போட்டது மனுஷன்தானே?" என்றார் போதகர்.

"என் தம்பி சாட்டேகி போட்டான். அமெரிக்காவுல, யூட்டாவுல இருக்கான். சனிக்கிழமை மத்தியானம் வெட்டணும்னு சொல்லிப் பழக்கி அனுப்பினான். அதோட கடிகாரத்தை நம்ம நேரத்துக்கு மாத்த எனக்குத் தெரியல. நமக்கு ஞாயிறு காலையில மணி அடிக்கும்போது அங்கே இன்னும் சனிக்கிழமை மத்தியானம்தான்."

"ஆலயம் யூட்டாவுல இல்லம்மா, இங்கே இருக்கு" என்றார் போதகர்.

லோசாலினேயின் குரல் இறங்கியது. "அண்ணே, வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போயிருக்கார். இடுப்பு எலும்பு முறிஞ்சதுலேர்ந்து என்னால குனிய முடியல. அடுத்த வாரம் வீடு வாசல் சுத்தமா இருக்கான்னு ஊர்ச் சோதனைக்கு வர்றாங்க. புல்லு வளர்ந்திருந்தா அதுக்கும் என் மேலதான் கேஸு. இதையும் பிடுங்கிட்டா நான் என்ன பல்லாலயா வெட்டுறது?"

ஹெபேட்டி பாவம், நல்ல மனிதர். நகரத்து அரசு வக்கீலுக்குப் போன் போட்டார்.

"சட்டத்துல மனுஷன்னுதான் இருக்கு" என்றார் வக்கீல். "அதை எழுதின காலத்துல குதிரைதான்யா தானா புல்லு வெட்டும். மெஷினைப் பத்திப் பேச ஒரு குழு போட்டிருக்காங்க."

"குழு எப்ப சார் கூடும்?"

"அதை முடிவு பண்ணத் தனியா ஒரு குழு இருக்கு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. கண்ணால பார்த்த சாட்சி ஒருத்தர் கையெழுத்துப் போட்டா, உரிமையாளர் மேல கேஸ் போடலாம். மெஷின் போயிடும். சாட்சி இல்லைன்னா விட்டுடுங்க."

ஆலயத்தில் இருந்தவர்கள் நூற்று நாற்பது பேர். சாட்சிக்கா பஞ்சம் என்று ஹெபேட்டி கிளம்பினார்.

ரொட்டிக்கடைக்காரரைக் கேட்டார். "சத்தம் கேட்டுச்சு. பார்க்கல. ஜெபத்துல கண்ணை மூடியிருந்தேன்."

பள்ளிக்கூட டீச்சரும் கண்ணை மூடியிருந்தார். ஆலயக் கணக்கரும் மூடியிருந்தார். வாராவாரம் ஜன்னல் வழியாகத் தன் பன்றிகளை எண்ணிக்கொண்டிருக்கும் வுனா கூட, "ஜெபத்துல கண்ணைத் திறக்கிற வளர்ப்பா நாங்க?" என்று கோபித்துக்கொண்டான்.

ஜெபத்தின்போது கண் விழித்திருந்ததாகக் கையெழுத்துப் போட எங்கள் ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. ஹெபேட்டி வெறுங்கையோடு திரும்பினார்.

"யாரும் பார்க்கல பாஸ்டர். நானும் கண்ணை மூடிட்டேன். இனி ஒண்ணும் பண்ண முடியாது."

லோசாலினே முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

"நான் பார்த்தேன்" என்றார் போதகர். "எழுதுங்க. மாமரத்துலேர்ந்து ஆரம்பிச்சது. கல்லறைப் பக்கம் போச்சு. அப்புறம் என் காரை மூணு சுத்து சுத்துச்சு. ஒண்ணு விடாம பார்த்தேன்."

ஹெபேட்டிக்கு வேறு வழியில்லை. எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். போதகர் பேனாவைத் திறந்தார்.

"பாஸ்டர், அந்த ஜெபத்தை நீங்கதானே பண்ணீங்க?" என்று கேட்டாள் லோசாலினே.

"ஆமா. இருபது நிமிஷம்."

"கண்ணைத் திறந்துகிட்டா?"

பேனா நின்றது. "அது... பார்த்துப் படிச்சேன்மா. கைபேசியில இருந்துச்சு."

"ஊரே அழுதுச்சே பாஸ்டர், நானும் அழுதேன். அவ்வளவு அழகா எப்ப எழுதினீங்க? சனிக்கிழமை பூரா கல்யாணப் பந்தியிலதானே இருந்தீங்க?"

"காலையில..."

"ஞாயித்துக்கிழமை காலையிலயா?" என்று ஹெபேட்டி நிமிர்ந்தார்.

"ஐயோ, நான் எழுதல சார்ஜண்ட்" என்று போதகர் அவசரமாகச் சொன்னார். "நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உமு குழியடுப்புல தீ மூட்டிட்டிருந்தேன். இப்படி ஒரு ஜெபம் வேணும்னு கைபேசிகிட்ட கேட்டேன், அதுவே எழுதிக் குடுத்துடுச்சு."

ஹெபேட்டி ஒரு புதுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"கைபேசியைக் குடுங்க பாஸ்டர். லாக்கப்புல இன்னும் இடம் இருக்கு."

போதகர் கைபேசியை, வேட்டி மேல் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த சம்பிரதாயப் பாய்க்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

"யோசிச்சுப் பார்த்தா, மெஷின் செய்யறதை எல்லாம் வேலைன்னு சொல்ல முடியுமா சார்ஜண்ட்? பாவம், அதை அவங்க வீட்டுல கொண்டு போய் விடுங்க" என்றார்.