எதிர்த்த டீக்கடையில் விசாரித்தது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும்.

ஏழு மாதமாகச் சும்மா இருந்த இம்மானுவேலுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை வந்தது. மாதத்தில் ஒரேயொரு நாள் நாகர்கோவிலிலிருந்து ஓசூர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். அந்த ஒருநாள்தான் அவரை உறுத்தியது.

“பொண்ணு குடுக்கியமாதிரி நெனச்சுக்கிடுங்க. ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடையில விசாரிச்சிட்டு பதில் போடுங்க” என்றாள் மனைவி ஜெசிந்தா.

இரவெல்லாம் பஸ்ஸில் போய் விசாரித்தார்.

“மாசாமாசம் நாப்பது பேரு உள்ள போறாங்க சார். சாயங்காலம் நாப்பத்தோரு பேரு வெளிய வர்றாங்க” என்றார் கடைக்காரர், டீயை ஆற்றியபடி.

“கூடுதலா வாற ஆளு யாரு அண்ணாச்சி?”

“தெரியல. உங்க சாடைதான்.”

இம்மானுவேல் நின்ற இடத்திலேயே வேலை வேண்டாமென்று பதில் அனுப்பிவிட்டார்.

அந்த அலுவலகத்துக்கு எதிரே இருப்பது ஏரி மட்டும்தான்.